விடாப்பிடி கிளிப்

கிளிப்காரர் வீட்டு மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு எப்போது வந்தது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு காலம் சொல்வார்கள். எதற்கு வந்தது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள். அந்தக் காரணம் தெரியாத ஒரே ஜீவன் கிளிப்காரர்தான். இத்தனைக்கும் அந்தப் பூட்டைக் காசு கொடுத்து வாங்கி வந்தவரே அவர். திருட்டுப் பயம் என்று மனைவி சொன்னாள், நம்பிவிட்டார். ஈரத் துணியைத் திருட எவன் மாடியேறி வருவான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிறவராக இருந்தால் அவர் பிழைப்பு ஏன் இப்படி ஆகிறது?

அவர் செய்வது கொடியில் துணி காயப்போடும் கிளிப். வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை. உள்ளே கால் வைத்தால் சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் வந்து உட்காரும். மோல்டிங் மெஷின் பெருமூச்சு விட்டு வாயைத் திறக்க, கிளிப்பின் கால்கள் கொத்துக் கொத்தாகத் தட்டில் விழும். பக்கத்தில் கம்பியைச் சுருட்டி ஸ்பிரிங் ஆக்குகிற மெஷின் நாள் முழுக்க கிரீச் கிரீச்சென்று யாரையோ குறை சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நீள மேசை. அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, இரண்டு கால்களைச் சேர்த்துப் பிடித்து, ஸ்பிரிங்கை விரித்து மாட்டி, ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு மூட்டையில் எறிவார்கள். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். தெருச் செய்தியில் பாதி அந்த மேசையில்தான் உற்பத்தி. அந்த உற்பத்தியில் மட்டும் இன்றுவரை சரிவு கிடையாது.

கிளிப்பின் பெயர் ‘விடாப்பிடி’. பெயருக்கேற்ற குணம். கடித்தால் கடித்ததுதான். ஒரு காலத்தில் கடைக்காரர்கள் வாசலில் நின்று வாங்கிப் போனார்கள். இப்போது இரண்டு மோல்டிங் மெஷினில் ஒன்றுக்குப் போர்வை போர்த்தித் தூங்க வைத்தாயிற்று. விற்காத மூட்டைகள் கொட்டகையை நிரப்பி, தாழ்வாரத்தை நிரப்பி, கடைசியில் கட்டிலுக்கடியில் குடியேறிவிட்டன. வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது, மூட்டையைத்தான் காட்டுவார். எவ்வளவு கனமான ஆள் உட்கார்ந்தாலும் உள்ளே ஒன்றும் நொறுங்காது. “இதுதான் சரக்கு!” என்று அப்போதும் ஒரு விளம்பரம்.

வியாபாரம் இறங்க இறங்க அவருக்குள் ஒரு கேள்வி மட்டும் ஏறிக்கொண்டே போனது. யார் காரணம்? காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“கப்பல் கப்பலா கொண்டாந்து கொட்டுறான். அரசாங்கம் பார்த்துக்கிட்டே இருக்கு. உள்ளூர்ல ஒருத்தன் கொட்டகை போட்டு உக்காந்திருக்கானேன்னு யாருக்காவது அக்கறை இருக்கா?”

“முட்டை ஆறுது” என்பாள் மனைவி.

“பிளாஸ்டிக் குருணைக்கு வரி, கரண்டுக்கு வரி. நான் மூச்சு விடுறதுக்கு மட்டும்தான் இன்னும் வரி போடல.”

“நீங்க விடுற பெருமூச்சை யாராவது போய்ச் சொன்னா அதுக்கும் போட்டுருவாங்க. சாப்பிடுங்க.”

“இந்த ஜனங்க இருக்காங்களே, அவங்களைச் சொல்லணும். நாலு கலர்ல மினுமினுன்னு இருந்தா போதும், சொந்த ஊர்ச் சரக்கை மறந்துடுவாங்க. எந்த வீட்டு மாடியைப் பார்த்தாலும் வெளிநாட்டுக் கிளிப்பு!”

இந்த இடம் வந்ததும் மனைவிக்குத் தேநீர் கொதிக்கும் ஞாபகம் வந்துவிடும். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தாலும் வரும்.

காரணம் தெருவுக்குத் தெரியும். அவள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தவை அத்தனையும் மினுமினு ஜாதி. நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு. சொந்தத் தம்பியின் ஃபேன்சி கடையில் காசு கொடுத்து வாங்கியவை. கடைப் பையில் மேலே வெங்காயத்தைப் போட்டு மறைத்துக் கொண்டுவருவாள். மாடிக்குப் போகும்போது சாவி இடுப்பில், கிளிப்புகள் மடியில். கள்ளக் கடத்தல்காரர்கள் அவளிடம் பாடம் கேட்கலாம்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆரம்பத்தில் நேர்மையாகச் சொல்லித்தான் பார்த்தாள். “என்னங்க, ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமா இருக்கே. ஒரு கையால திறக்க வரல.”

கிளிப்காரர் அவளுடைய கையைத் தூக்கிப் பார்த்து, பரிதாபப்பட்டு, “விரல்ல பலம் இல்ல உனக்கு. தினம் முட்டை சாப்பிடு” என்றார். அவளும் சாப்பிட்டாள். உடம்புதான் சற்றுப் பூரித்தது. கிளிப் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் பூட்டு வந்தது.

இப்படியே இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்குமோ. மொத்த வியாபாரி ஆளனுப்பி, இனிமேல் விடாப்பிடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவள் தம்பி வந்து ஒரு யோசனை சொன்னான். தனக்குச் சரக்கு போடுகிற இறக்குமதிக்காரருக்கு இன்னொரு குடோன் வேண்டும். இந்தக் கொட்டகை தோதான இடம். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டி வரட்டுமா?

கிளிப்காரர் ‘சரி’ என்று சொல்லவில்லை. ஆனால் ‘கூடாது’ என்று கத்தவும் இல்லை. அதுதான் மனைவியைப் பயமுறுத்தியது. கத்தாத கிளிப்காரரை அவள் பார்த்ததே இல்லை. அன்று ராத்திரி ரொட்டி விள்ளாமலே கிடந்தது. யார் காரணம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

மெஷினை விற்று, மேசையைத் தூக்கி, பெண்களை அனுப்பிவிட்டு, இந்த மனுஷர் காலையிலிருந்து இருட்டும்வரை நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். கிளிப் ஏன் விற்கவில்லை என்பது அவளுடைய கட்டைவிரலுக்குத் தெரியும். சொன்னால் கொட்டகை பிழைக்கலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பாரே! மாடிக் கதவைத் திறந்துதானே காட்டியாக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வானம் மூட்டம் போட்டிருந்தது. காற்று விட்டு விட்டு அடித்தது. இறக்குமதிக்காரர் மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்பே கொட்டகை முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. கிளிப்காரரின் அக்கா தெருக்கோடியிலிருந்து வந்துவிட்டார். அந்த அம்மாளுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. வாய்க்கு மட்டும் எந்த வலியும் அண்டாது. விடுமுறை நாளானாலும் மெஷின்காரர் வந்தார். ஸ்பிரிங் மெஷினோடு அதிக காலம் பழகி அவர் குரலும் கிரீச்சென்று ஆகியிருந்தது. மேசைப் பெண்களின் சார்பில் குறடு அக்கா வந்தாள். உடம்பு ஒல்லி, குரல் மெல்லிசு. ஆனால் வருஷக்கணக்காகக் கிளிப் மாட்டி மாட்டி அவள் கட்டைவிரல் கரண்டிக் காம்பு மாதிரி உருண்டு திரண்டிருந்தது. தெருவில் எந்த வீட்டு ஜாம் பாட்டில் திறக்காவிட்டாலும் அவளிடம்தான் போகும். அதனால் அந்தப் பெயர்.

எல்லாரும் மூட்டைகளில் உட்கார்ந்தார்கள். மனைவி தேநீரும் அவித்த கடலையும் கொண்டுவந்து வைத்தாள்.

தம்பிதான் முதலில் தொண்டையைக் கனைத்தான். “குடுத்துடுங்க மாமா. மாசாமாசம் வாடகை வந்துடும். காலை நீட்டிக்கிட்டு உக்காரலாம்.”

“என்ன சரக்கு வைப்பான்?”

“பக்கெட்டு, முறம், துடைப்பம்…” தம்பி கடலைத் தோலை உரிப்பதில் மும்முரமானான். “கிளிப்பு.”

“என் கொட்டகையில அவன் கிளிப்பு! இதுக்கு நீ என் தலையில ஒரு கல்லைத் தூக்கிப் போட்டிருக்கலாம் மச்சான்.”

“கோவப்படாதீங்க மாமா. இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. அங்கே இருக்கிற மெஷின் ஒரு தடவை வாயைத் திறந்தா நாம ஒரு நாள் முழுக்கப் போடுறது விழுது. நாம எப்படி மல்லுக்கட்டுறது?”

“அதைத்தானே தினமும் கேக்குறேன்! அரசாங்கம் தடுக்க வேணாமா?”

அக்கா தேநீரை ஊதினார். “என்னடா தடுக்கும்? வீட்டுக்கு ஒரு மூட்டை உன் கிளிப்பு வாங்கணும்னு சட்டமா போடும்?”

“போட்டா என்ன?”

“ஜனங்க துணி துவைக்கிறதையே நிறுத்திருவாங்க.”

“நீ சும்மா இருக்கா. உனக்குத் தொழிலைப் பத்தி என்ன தெரியும்?”

“தொழிலைப் பத்தித் தெரியாது. உன்னைப் பத்தித் தெரியும். சின்ன வயசுல நீ பரீட்சையில ஃபெயிலானப்போ பேனா சரியில்லன்னு அழுதவன்தானே?”

மெஷின்காரர் முதலாளியைக் காப்பாற்ற வந்தார். “கடைக்காரங்களைச் சொல்லணும் முதலாளி. வெளிநாட்டுச் சரக்கை முன்னால தொங்கவிடுறாங்க. நம்மளதைக் கேட்டா, ஏணி போட்டு மேல் தட்டுல தேடுறாங்க.”

தம்பிக்குச் சுருக்கென்றது. “அண்ணே, நான் கடைக்காரன். வர்றவங்க கேக்கிறதைத்தானே முன்னால வைக்க முடியும்? விடாப்பிடின்னு வாயைத் திறந்து ஒருத்தர் கேக்கட்டும், கண்ணாடிப் பெட்டியில வச்சு விக்கிறேன்.”

“ஜனங்களுக்குச் சத்து போயிடுச்சு” என்றாள் குறடு அக்கா மெல்லிய குரலில். “அதுதான் காரணம். எதிர்வீட்டுப் பொண்ணு நேத்து தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வருது, மூடி திறக்கலையாம். நான் ரெண்டு விரல்ல திருகினேன், பாட்டிலே ஒடுங்கிப் போச்சு.”

“பார்த்தியா!” என்றார் கிளிப்காரர். “சத்தில்லாத ஜனங்க. நாம தரம் தர்றோம், தாங்கத் தெரியல.”

மனைவி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரத்தில் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. தகரம் அதிர்ந்தது. எங்கோ உயரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று பறந்து, முற்றத்துக்கு மேல் ஒரு வட்டம் அடித்து, கூட்டத்தின் நடுவில் கடலைத் தட்டின் மேல் வந்து இறங்கியது. ஒரு பனியன். தோள்பட்டையில் நீல நிறக் கிளிப் ஒன்று இன்னும் தொத்திக்கொண்டிருந்தது.

கிளிப்காரர் முகம் மூன்று நாளைக்கப்புறம் மலர்ந்தது. பனியனைத் தூக்கிக் கொடி மாதிரி ஆட்டினார்.

“பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! எந்த வீட்டு மகராசியோ வெளிநாட்டுக் கிளிப்பு போட்டிருக்கா. லேசா ஒரு காத்து, கொடியை விட்டுருச்சு. நம்ம விடாப்பிடி விட்டிருக்குமா? கொடி அறுந்தாலும் அது விடாது! இந்த மகராசி மாதிரி ஆளுங்களாலதான் உள்ளூர்த் தொழில் நாசமாப் போகுது. யார் வீட்டுதுன்னு கண்டுபிடிச்சு நாலு வார்த்தை கேக்கணும்!”

“கேளேன்” என்றார் அக்கா.

“கேக்கத்தான் போறேன். யார் வீட்டுது?”

“உன் வீட்டுதுடா. அது உன் பனியன்.”

“என் பனியனா?”

“கக்கத்துல ஓட்டை பாரு. புதுசு வாங்குடான்னு நான் சொன்னதுக்குக் காத்தோட்டமா இருக்குன்னு சொன்னியே, அதே ஓட்டைதான்.”

கிளிப்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பழகிய ஓட்டை. விரல் வழி தெரிந்து போனது. அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கித் தன் வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். தம்பி தன் செருப்பைப் பார்த்தான். மெஷின்காரர் மேகத்தை ஆராய்ந்தார்.

“சாவி” என்றார் கிளிப்காரர்.

அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முன்னால் அவர், பின்னால் அவள், அதற்குப் பின்னால் ‘நமக்கென்ன’ என்று சொல்லிக்கொண்டே மொத்தக் கூட்டமும் படியேறியது. பக்கத்து மாடிகளில் அதற்குள் தலைகள் முளைத்துவிட்டன. மழை வரும் நேரத்தில் அத்தனை பேருக்கும் எதையோ எடுக்க மாடியில் வேலை இருந்தது.

கதவைத் திறந்தால் கொடி முழுக்கத் திருவிழாக் கூட்டம் மாதிரி வண்ண வண்ணமாகக் கிளிப்புகள். விடாப்பிடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஓர் ஓரத்தில், துணி இல்லாமல், திறக்க முடியாததால் கொடியிலேயே துருப்பிடித்துப்போய்.

“எவ்வளவு நாளா?”

“பூட்டு வாங்கினோமே, அப்போலேர்ந்து.”

“உன் தம்பி கடையிலயா?”

“காசு குடுத்துத்தான் வாங்கினேன். அக்காங்கிறதுக்காக ஒரு பைசா குறைக்கல அவன்.”

“மாமா, வியாபாரம் வேற…” என்று தம்பி தொடங்க, கிளிப்காரர் கையைக் காட்டி அடக்கினார். அக்கா பக்கம் திரும்பினார். “நீயுமா?”

“என்னை ஏன்டா பார்க்கிறே? நீ குடுத்த கிளிப்பைத் திறக்க நான் பாக்குவெட்டியைப் பயன்படுத்தினேன். பாக்குவெட்டி வளைஞ்சு போச்சு. அப்புறம் மாத்திட்டேன்.”

மெஷின்காரரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. “வீட்டுல அவங்கதான் வாங்குறாங்க முதலாளி, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று தானாகவே உளறிவிட்டார்.

கிளிப்காரர் மாடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். “சொந்த வீடே இப்படின்னா, நான் அரசாங்கத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம்?” அந்தக் குரலில் கோபம் இல்லை. அதைக் கேட்டதும்தான் மனைவிக்கு இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது உடைத்துக்கொண்டது.

“ஆமாங்க, நான்தான் அந்த மகராசி. நாலு வார்த்தை கேக்கணும்னீங்களே, கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. அந்தப் பக்கெட்டுல இன்னும் பாதித் துணி இருக்கு. உங்க கிளிப்பால நீங்களே போடுங்க. இத்தனை வருஷமா கிளிப்பு செய்றீங்க, ஒரு கைக்குட்டை காயப்போட்டிருக்கீங்களா?”

“மழை வருது.”

“வரட்டும். போடுங்க.”

குறடு அக்கா ஓடிப்போய் மூட்டையிலிருந்து ஒரு மடி விடாப்பிடி அள்ளி வந்தாள். கிளிப்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இதென்ன பெரிய வித்தை என்கிற தோரணையில் ஒரு படுக்கை விரிப்பை உதறிக் கொடியில் போட்டார். ஒரு கையால் விரிப்பைப் பிடித்தார். மறு கையால் கிளிப்பை அழுத்தினார். கிளிப் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். கழுத்து நரம்புதான் அசைந்தது. இரண்டு கையாலும் அழுத்தினார். கிளிப் திறந்தது, விரிப்பு தரையில் விழுந்தது. மறுபடி உதறி, இந்தத் தடவை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் மாட்டினார்.

“ஆ, மாட்டிட்டாரு!” என்று எதிர் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ கைதட்டினார்கள்.

அடுத்து ஒரு சட்டை. அதற்கடுத்து ஒரு துண்டு. தலையணை உறைக்கு வரும்போது கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. அதற்கடுத்த கிளிப் துணியை விட்டுவிட்டு அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. கிளிப்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. உதறினார், ஊதினார், சுவரில் தட்டினார். அது விடவில்லை.

“நல்ல தரம்” என்றார் அக்கா.

குறடு அக்காதான் வந்து பூப்பறிப்பது போல இரண்டு விரலால் அதைக் கழற்றினாள். கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு தடவை அழுத்திப் பார்த்து, “இதுகூடக் கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கு முதலாளி” என்றாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எது தொளதொள?” என்றார் கிளிப்காரர், சுண்டுவிரலை வாயிலிருந்து எடுத்து.

“இந்த ஸ்பிரிங்குதான். நான்தான் அப்பப்போ சொல்றேனே.”

மெஷின்காரர் மெல்லத் தலையைச் சொறிந்தார். “குறடு அக்கா தொளதொளன்னு சொல்லும்போதெல்லாம் நீங்க கம்பியைத் தடிமனாக்கச் சொல்வீங்க முதலாளி. நானும் ஆக்கிக்கிட்டே வந்தேன். மேசையில இருக்கிற மத்தப் பொண்ணுங்களைக் கேட்டாலும் தொளதொளன்னுதான் சொல்வாங்க. அவங்க விரலும் அப்படி ஆயிடுச்சுல்ல.”

அத்தனை கண்ணும் குறடு அக்காவின் கட்டைவிரலில் போய் நின்றது. அவள் அதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“அப்போ நான்தான் காரணமா? கப்பல், அரசாங்கம், கடைக்காரன் எல்லாரும் நல்லவங்க, ஏழை விரல்தான் உங்களுக்குக் கிடைச்சுதா?”

மனைவி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “உன் மேல ஒரு தப்பும் இல்ல. பயில்வானைக் கூப்பிட்டு மூட்டை கனக்குதான்னு கேட்டா அவன் என்ன சொல்வான்? கேட்டவரைச் சொல்லணும். நான் இறுக்கமா இருக்குன்னு சொன்னப்போ எனக்கு முட்டை குடுத்தாரே, அவரைச் சொல்லணும்.”

“அந்த முட்டையாவது உள்ளூர் முட்டைதானே?” என்றார் அக்கா.

முதலில் சிரித்தது எதிர் மாடி. அப்புறம் தம்பி. கிளிப்காரர் கொஞ்ச நேரம் சிரிக்காமல் தாக்குப்பிடித்தார். கொடியில் தொங்கிய தலையணை உறையையும் வீங்கிய சுண்டுவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வந்துவிட்டது.

“மெஷின்காரரே, ஆரம்பத்துல போட்டோமே, மெல்லிசுக் கம்பி, அது இருக்கா?”

“ஒரு சுருள் மூலையில கிடக்கு முதலாளி.”

“வாங்க கீழே.”

ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் ஸ்பிரிங் மெஷின் கிரீச்சிட ஆரம்பித்தது. ஒரு பிடி சுருட்டி மாட்டியதும் கிளிப்காரர் வழக்கப்படி குறடு அக்காவிடம் நீட்டப் போனார். மனைவி நடுவில் புகுந்து வாங்கித் தன் நாத்தனாரிடம் கொடுத்தாள். “அண்ணி, நீங்க அழுத்துங்க.”

“என் விரலா? மூட்டெல்லாம் வீக்கம்டி எனக்கு.”

“அதுக்காகத்தான்.”

அக்கா அழுத்தினார், “ஐயோ” என்றார். மெஷின்காரர் சுருளைத் தளர்த்தினார். மறுபடி “ஐயோ”, ஆனால் சின்னதாக. மறுபடி தளர்த்தினார். இந்தத் தடவை அக்கா கிளிப்பைக் கையில் வாங்கியபடியே தன் தம்பி கிளிப்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“நீ மட்டும் சின்ன வயசுலேர்ந்து யாராவது சொல்றதைக் காதுல வாங்கியிருக்கியாடா? நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? கட்டினவ சொன்னா, கேட்டியா?” என்று ஒவ்வொரு கேள்விக்கும் கிளிப்பை ஒரு தடவை திறந்து மூடிக்கொண்டிருந்தார். திறப்பது அவருக்கே தெரியவில்லை. கிளிப்காரர் திட்டு எதையும் கேட்கவில்லை. அக்காவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இவ்வளவு நேரம் திட்டியும் ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக நின்றதைத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

அப்போதுதான் மழை இறங்கியது. கூடவே வாசலில் ஹாரன் சத்தம். இறக்குமதிக்காரர் சின்ன வண்டி ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் அட்டைப் பெட்டிகள். மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயின் கயிறு அறுந்து, பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மனுஷர் ஒரு மூலையை இழுத்தால் மறு மூலை அவர் முகத்திலேயே வந்து அறைந்தது.

“ஐயோ, அதுல பாதி என் கடைச் சரக்கு!” என்று தம்பி மழையில் பாய்ந்தான்.

கிளிப்காரர் ஒரு கணம் நின்றார். நனையப் போவது வெளிநாட்டுச் சரக்கு. விட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. மனைவி அவர் முகத்தைப் படித்துவிட்டாள். “என்னங்க, நம்ம வீட்டு வாசல்ல நிக்கிறாரு” என்றாள். அவ்வளவுதான். குறடு அக்கா மடியில் இருந்த பழைய விடாப்பிடிகளோடு வெளியே ஓடினாள். கிளிப்காரர் தார்ப்பாயை இழுத்துப் பிடிக்க, அவள் வண்டிச் சட்டத்தோடு சேர்த்து வரிசையாகக் கடிக்க விட்டாள். காற்று மறுபடி வந்து முட்டிப் பார்த்தது. பாய் ஒரு நூல் எழும்பவில்லை.

இறக்குமதிக்காரர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து மூட்டை மேல் உட்கார்ந்து தேநீரை வாங்கிக்கொண்டார். கண் மட்டும் வாசலில் இருந்த வண்டியை விட்டு நகரவில்லை.

“என்ன கிளிப்பு சார் அது? வழியெல்லாம் இந்தத் தார்ப்பாய் என் உயிரை வாங்கும். என்கிட்ட இன்னும் நாலஞ்சு வண்டி இருக்கு. அது எங்கே கிடைக்கும்?”

“நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க” என்றார் கிளிப்காரர்.

இறக்குமதிக்காரர் எழுந்து மூட்டையைப் பார்த்தார். ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்து, முடியாமல், மரியாதையோடு திரும்ப வைத்தார். பிறகு வந்த காரியம் ஞாபகம் வந்து கொட்டகையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். “இடமும் நல்லாத்தான் இருக்கு. எப்போ காலி பண்ணித் தருவீங்க?”

ஸ்பிரிங் மெஷின்கூட நின்றுவிட்டது. தம்பி மாமாவைப் பார்த்தான். கிளிப்காரர் தன் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். மனைவியைப் பார்த்து, “நீ என்னம்மா சொல்றே?” என்றார்.

அவள் கைக்குள் அண்ணி திறந்து மூடிய அந்தப் புதுக் கிளிப் இருந்தது. அதை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

“கொட்டகை காலி ஆகாதுங்க, வேலை நடக்கிற இடம். எங்க கட்டிலுக்கடியில நிறைய மூட்டை இருக்கு. அதை வேணும்னா இன்னிக்கே காலி பண்ணிக்குங்க.”

தம்பிதான் பாவம், குடோன் பேச்சில் இரண்டு பக்கமும் கிடைக்க இருந்த தரகு போயிற்றே என்று கொஞ்ச நேரம் வாடியிருந்தான். அக்காதான் அவன் கையில் ஒரு புதுக் கிளிப்பைத் திணித்து, “கண்ணாடிப் பெட்டியில வைப்பேன்னு சொன்னியே, எங்கே பெட்டி?” என்று கேட்டார். அன்று முதல் சரக்கைச் சோதிக்கும் உத்தியோகம் அந்த அம்மாளுக்கு. அவர் “ஐயோ” என்றால் அந்தத் தட்டு மொத்தமும் திரும்பிப் போகும். சில சமயம் கிளிப்காரர் மேல் கோபம் இருந்தால் வலிக்காமலும் “ஐயோ” என்கிறார் என்று மேசைப் பெண்கள் சொல்கிறார்கள். மேசைச் செய்தியை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் பாடு.

மூட்டைகள் அன்று சாயங்காலமே வண்டியில் ஏறின; தார்ப்பாயைத் திறந்துவிட்டு மறுபடி கடிக்க விட்டது குறடு அக்காதான். மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் நேரத்தில் போன் அடித்தது. இறக்குமதிக்காரர்தான்.

“சார், வண்டி குடோன்ல நிக்குது. தார்ப்பாயைக் கழட்ட முடியல. என் ஆளுங்க அத்தனை பேரும் முயற்சி பண்ணியாச்சு. ஒருத்தன் விரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்.”

கிளிப்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நம்ம சரக்கு அப்படித்தான் சார், ஒரு தடவை பிடிச்சா…” என்று தொடங்கினார். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “ஆள் அனுப்புறோம். போக வரச் செலவு உங்களுது. டீ போட்டு வைங்க.”

குறடு அக்கா தலையை வாரிக்கொண்டு, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு, மெஷின்காரரின் ஸ்கூட்டர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முந்தானைக்குள் ஒளித்திருந்த கட்டைவிரல் இப்போது மடியின் மேல் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. தெரு சும்மா விடுமா? எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல், “காலங்காத்தால எங்கேக்கா சவாரி?”

“குடோனுக்குத்தான்” என்றாள், அதே மெல்லிய குரலில். “வெளிநாட்டுச் சரக்கெல்லாம் வெளியே வர முடியாம மாட்டிக்கிட்டு நிக்குதாம். நான் போய்த்தான் விடணும்.”